ஈரக்காற்றில் பெயிண்ட் அடிக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று நாமக்கல், சேலம் சமவெளியில் கேட்டால் குறைந்தது நான்கு விதமான பதில் வரும். வேண்டவே வேண்டாம் என்பார் ஒருவர். தின்னரை மாற்றினால் போதும் என்பார் இன்னொருவர். பொருளைச் சூடேற்றி அடி என்பது மூன்றாவது. என்.சி.யை (நைட்ரோசெல்லுலோஸ்) விட்டு பி.யு.வுக்குப் (பாலியூரித்தேன்) போய்விட்டால் மழையாவது பனியாவது என்பது நான்காவது. எதையும் வெறும் பட்டறைப் பேச்சு என்று தள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலத்துப் பெயிண்ட் இருக்கிறது, தொழிற்சாலை அனுபவம் இருக்கிறது, கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது. ஒரு பெயிண்ட்டுக்காகப் பிறந்த பதில், அந்தப் பெயிண்ட் வழக்கொழிந்த பிறகும் அறிவுரையாகத் தங்கிவிடுவதுதான் சிக்கல்.

இங்கே எடுத்துக்கொள்வது சிறிய பொருள்களை மட்டும்: பம்பர், கிரில், கண்ணாடி மூடி, வைப்பர் கை, வீல் கப், பைக்கின் சைடு பேனல், மட்கார்ட். கழற்றி வைத்து வீட்டு வாசலிலோ ஷெட்டிலோ அடிக்கக்கூடியவை இவை. முழு வண்டியையும் பூத்தில் நிறுத்தி அடிப்பவர்களுக்கு வேறு வசதிகள் உண்டு. அவர்களுடைய பதிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

கேள்வி ஏன் இங்கே ஓயவில்லை

நாமக்கல் லாரி பாடி கட்டும் ஊர். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரிகள், ஆற்றுக்கு அக்கரையில் கரூரில் பஸ் பாடிகள். பெயிண்ட், பட்டி, தின்னர், ஸ்பிரே கன் எல்லாம் இந்த வட்டாரத்தில் அன்றாடச் சரக்கு. அதனால் சொந்த வண்டியின் சில்லறைப் பாகங்களை வீட்டிலேயே அடித்துக்கொள்ளும் துணிச்சலும் இங்கே அதிகம். லாரிக்காரர்களுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி இருக்கிறது, அது வானத்தைப் பார்த்து வருவதில்லை. ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருகிறது. இந்த உள்மாவட்டங்களில் இடிமழை பெய்யும் காலமும் அதுதான். வண்டி பளபளக்க வேண்டிய நாளும் பெயிண்ட் காய மறுக்கும் நாளும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அதற்கு முன்னும் பின்னும் மட்டும் வசதியா என்றால் அதுவும் இல்லை. ஆடிக்காற்றில் புழுதி. வடகிழக்குப் பருவம் டிசம்பர் வரை. மார்கழி, தை காலைகளில் பனி. சித்திரை வெயிலில் துளி பொருளைத் தொடும் முன்பே பாதி உலர்ந்து, தடவினால் சொரசொரக்கும் மேற்பரப்பு. குறையே இல்லாத காலம் என்று பார்த்தால் மாசியை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் தேறலாம்.

ஜேடர்பாளையத்தில் இன்னொன்றும் சேர்கிறது. காவிரித் தடுப்பணையும் அங்கிருந்து பிரியும் ராஜா வாய்க்காலும், வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால் என்று வாய்க்கால் பாயும் நிலமும் காற்றுக்கு ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. கரையோரத்து வாசலிலும் சில கிலோமீட்டர் தள்ளிய மானாவாரிக் காட்டு வாசலிலும் காலை ஆறு மணிக்கு ஈரப்பதம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஊர் பெயரைப் போட்டுக் கைப்பேசி காட்டும் ஈரப்பதத்தை நம்புவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

காலண்டர் தரும் பதில்

மழைக்காலத்தில் தொடாதே என்பதுதான் மிகப் பழைய பதில். எண்ணெய்ப் பெயிண்ட்டும் வார்னிஷும் மட்டுமே இருந்த காலத்துக்கு அது முழுக்கப் பொருந்தியது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த பூச்சு, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். கோச் வண்டிகளுக்கும் தொடக்கக்கால மோட்டார் கார்களுக்கும் ஒவ்வொரு அடுக்காகப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் மழை வராமல் இருக்க வேண்டுமென்றால் பருவத்தைப் பார்க்காமல் முடியாது.

இன்றும் லாரி பாடியில் அடிக்கும் சிந்தெடிக் எனாமல் அதே குடும்பம்தான். எண்ணெயின் பங்கை அல்கிட் பிசின் ஏற்றுக்கொண்டது, விரைவில் உலர கோபால்ட் போன்ற உலர்த்திகள் சேர்ந்தன. ஆனால் ஆக்சிஜனை வாங்கி இறுகும் வழி மாறவில்லை. இத்தகைய வேதிவினைகளின் வேகம் பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது வேதியியலில் புழங்கும் தோராயக் கணக்கு. வெயிலில் காலை அடித்து மாலை தொடக்கூடிய எனாமல், குளிர்ந்த ஈர நாளில் மறுநாளும் விரல் ரேகையை வாங்கிக்கொள்வதற்கு இதுவே பெருமளவு காரணம். எனாமலைப் பொறுத்தவரை காலண்டர்க்காரர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது.

அவர் தவறுவது வேறிடத்தில். பருவத்தை ஒரே நாளாக நினைத்துவிடுகிறார். கார்த்திகையில் ஒரு விடியலில் வெப்பம் 20 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அன்று மழை இல்லாமல் வெயில் ஏறி மதியம் 29 டிகிரி ஆனால், காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும் ஈரப்பதம் சுமார் 55 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 55 சதவீதம் பெயிண்ட் அடிக்க நல்ல நிலைமை. அதே சமயம் மாசி மாதத்து விடியலில், காலண்டர் பச்சைக்கொடி காட்டும் நாளில், பைக் டேங்கின் மேல் பனித்துளி நிற்கலாம். மாதப்பெயரை வைத்து மணியை முடிவு செய்ய முடியாது.

தின்னரை மாற்று

இரண்டாவது பதில் பிறந்த இடத்தைத் திட்டமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1923இல் ஓக்லண்ட் கார்களில் வந்தது. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்குக்குச் சுருங்கியது. நம் ஊர் மரவேலைக்காரர்களும் பெயிண்டர்களும் என்.சி. பூச்சை இன்றைக்கும் டூகோ என்கிறார்கள்.

என்.சி. எதனோடும் வினைபுரிந்து இறுகுவதில்லை. கரைப்பான் பறந்தால் அது காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். வேகத்தின் இரகசியமும் ஈரநாளில் அதன் பலவீனமும் இதே இடத்தில் இருக்கின்றன. தின்னர் ஆவியாகும்போது பொருளிலிருந்து வெப்பத்தை இழுக்கிறது. மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த ஈரப்பூச்சின் மேல் நீர் படிந்து உள்ளே கலக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. நுண்துகளாகத் திரிந்து பிரிகிறது. கறுப்பு மட்கார்ட் சாம்பல் பூசியதுபோல் வெளிறி நிற்பது இதனால்தான்.

இதற்கு மருந்து, மெதுவாகப் பறக்கும் கரைப்பான். பெயிண்ட் உலகில் பியூட்டைல் அசிட்டேட் பறக்கும் வேகத்தை ஒன்று என்று வைத்து மற்றவற்றை அளப்பது மரபு. அசிட்டோன் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேகமானது. பியூட்டைல் செல்லோசால்வ் பத்தில் ஒரு பங்கு வேகம்கூட இல்லாதது. மழைநாளில் கடைக்காரர் எடுத்துத் தரும் ரிடார்டர் தின்னரில் பின்னதைப் போன்ற மெதுவான கரைப்பான்கள் இருக்கும். மேற்பரப்பு ஒரேயடியாகக் குளிராது; படிந்த நீர் முதலில் பறந்துபோகும், பூச்சு தெளிவாகவே இருக்கும்.

பியூட்டைல் அசிட்டேட்டின் வரவில் ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. முதல் உலகப்போரில் பிரிட்டனுக்கு வெடிமருந்து செய்ய அசிட்டோன் தேவைப்பட்டது. மாவுப்பொருளை நுண்ணுயிரால் நொதிக்கவைத்து அதை எடுக்கும் முறையைத் தந்தவர் கெய்ம் வைஸ்மன், பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர். அந்த முறையில் அசிட்டோனைவிட அதிகமாக விழுந்தது பியூட்டனால். அப்போது யாருக்கும் வேண்டாத சரக்கு. போர் முடிந்து கார் லாக்கர் வந்ததும் நிலைமை தலைகீழானது: பியூட்டைல் அசிட்டேட் செய்ய வேண்டிய பியூட்டனாலுக்காகவே ஆலைகள் ஓடின.

ரிடார்டர் வாதத்தின் குறைகளை அதை விரும்புவோர் குறைத்துச் சொல்வதுண்டு. மெதுவாகப் பறப்பது நெடுநேரம் ஈரமாக இருக்கும், செங்குத்தான பகுதியில் வழியும், புழுதி ஒட்டும். மழை விட்ட மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அடித்தால் ஈசல் வந்து விழும். ரிடார்டரை அளவு மீறி ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே கரைப்பான் சிறைப்படும். வாரம் கழித்தும் நகம் பதியும், பளபளப்பு உள்வாங்கும். தவிர, இந்த மருந்து என்.சி.க்கு மட்டுமே முழுதாகப் பொருந்துகிறது. வெளிறிய என்.சி. மேல் ரிடார்டரை மெல்லியதாகத் தூவினால் பூச்சு மறுபடி கரைந்து தெளிவதுண்டு. ஹார்ட்னர் கலந்து இறுகிய பி.யு.வில் அந்த வித்தை பலிக்காது.

சூடேற்று

சூட்டை நம்புவோரின் வம்சாவளியும் பெரிது. ஃபோர்டு மாடல் டி காரின் கறுப்புப் பாகங்கள் பல சூளையில் வெந்தவை. இன்றைய கார் ஆலைகளில் இரும்பு உடலை 140 டிகிரி அளவிலும், பிளாஸ்டிக் பாகங்களை அதைவிட வெகு தாழ்வாக 80 டிகிரி அளவிலும் காயவைக்கிறார்கள். சர்வீஸ் சென்டர் பூத்தில் 60 டிகிரியில் அரைமணி நேரம் போதும். வீட்டில் இதன் எதிரொலியாக ஹேர் டிரையர், ஹாலஜன் விளக்கு, வெயிலில் காயவைத்த பம்பர் எல்லாம் வருகின்றன.

சூடு என்றால் எதைச் சூடாக்குவது? விவாதம் பெரும்பாலும் இங்கே குழம்புகிறது. பொருளைச் சூடாக்கினால் நீர் படியாது. காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதம் குறையும், ஆனால் சூடாகாத பொருள்மேல் அந்தக் காற்று பட்டால் பயன் குறைவு. பெயிண்ட்டைச் சூடாக்கினால் இளகி நன்றாகப் பிரியும். ஸ்பிரே டப்பாவுக்குக் கடைசியானது முக்கியம்: அழுத்திப் பிடிக்கப் பிடிக்க உள்ளிருக்கும் வாயு ஆவியாகி டப்பாவே சில்லிட்டுப்போகும், அழுத்தம் விழும், துளி பெரிதாகித் திட்டுத்திட்டாக விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பது வேலை செய்கிறது. 50 டிகிரிக்கு மேல் படக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை அலட்சியம் செய்பவர் பெயிண்ட் அடிக்கவில்லை, வெடி வைக்கிறார்.

அறையைச் சூடாக்க அடுப்பு மூட்டும் யோசனை இரண்டு வகையில் தவறு. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வெளிவருகிறது. ஈரத்தை விரட்டப்போய் ஈரத்தைக் கூட்டுகிறோம். இரண்டாவது, தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலிருக்கும் சுடரைத் தேடிப்போகும். இந்தப் பத்தியில் நிதானமான சொற்களுக்கு இடமில்லை: நெருப்பு வேண்டாம்.

பிளாஸ்டிக்குக்கு இன்னொரு வரம்பு. ஹேர் டிரையரை ஒரே இடத்தில் பிடித்தால் மெல்லிய கிரில் வளைந்துபோகும், திரும்பப் பொருத்த முடியாது. பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கும் இதே பதில்: அது 180 டிகிரிக்கு மேல் வேகவேண்டியது. இரும்பு பிராக்கெட்டுக்கும் வீலுக்கும் மழைக்காலத்தில் அதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே சொல்லலாம்; பிளாஸ்டிக்கை அந்தச் சூளைக்குக் காட்டவே கூடாது.

பெயிண்ட்டையே மாற்று

1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஆட்டோ பேயரும் அவர் குழுவும் கண்ட பாலியூரித்தேன் வேதியியல், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வண்டிப் பெயிண்ட்டுக்கு வந்தது. பிசினும் ஹார்ட்னரும் கலந்து வினைபுரிந்து இறுகும் பி.யு. பூச்சு, பெட்ரோல் பட்டாலும் வெயில் பட்டாலும் என்.சி.யைவிட வெகுநாள் தாங்கும். என்.சி. போல வெளிறுவதும் குறைவு. மழைக்கும் பி.யு.வே விடை என்ற நம்பிக்கை இதிலிருந்து வந்திருக்கலாம்.

நம்பிக்கை பாதிதான் சரி. ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் பிசினோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் வினைபுரியும். அப்போது கரியமில வாயு வெளியேறும். பூச்சினுள் குமிழியும் ஊசிமுனைத் துளையும் மங்கலும் இப்படி வருகின்றன. மூடாமல் வைத்த ஹார்ட்னர் டப்பா காற்றின் ஈரத்தை வாங்கிக் கலங்கி, பிறகு கெட்டியாகிப்போவதும் இதனால்தான். மழைக்காலத்தில் பாதி மீந்த டப்பாவைத் தையில் எடுத்துப் பயன்படுத்துவது சூதாட்டம். காற்றின் ஈரத்தையே வாங்கி இறுகுமாறு வடிவமைத்த தனிவகைப் பாலியூரித்தேன்களும் உண்டு என்பது வேடிக்கை. ஒரே குடும்பத்தில் ஈரம் ஒரு பிள்ளைக்கு உணவு, இன்னொன்றுக்கு நஞ்சு.

பி.யு.வின் பெரிய குறை பூச்சில் இல்லை, மூச்சில் இருக்கிறது. ஐசோசயனேட் தூவல் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு நன்கு நிறுவப்பட்ட காரணம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் கவசமே பூத்துகளில் பரிந்துரைக்கப்படுகிறது. மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு ஷெட்டுக்குள் பி.யு. அடிப்பதே மிக ஆபத்தான சேர்க்கை. காலநிலை பற்றிய விவாதங்களில் இந்த ஒரு செய்தி அடிபட்டுப் போவது சரியல்ல.

தண்ணீர் அடிப்படையிலான பெயிண்ட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூக்குக்கு இதமானது, ஆனால் ஈரக்காற்றில் தண்ணீர் பறக்க மறுக்கும். நல்ல காற்றோட்டம் இல்லாமல் ஐப்பசியில் அதைத் தொடுவது பொறுமைக்குச் சோதனை.

அளந்து பார்

ஐந்தாவது பதில் பட்டறையில் அதிகம் கேட்காதது. பாலம், கப்பல், எண்ணெய்த் தொட்டி போன்ற இரும்புக் கட்டுமானங்களுக்குப் பூச்சு அடிப்பவர்களிடமிருந்து வந்தது. காற்று எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி படியத் தொடங்குமோ அது பனிநிலை. பொருளின் மேற்பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அத்துறையின் புழங்கு விதி. நீர் படியும் வாய்ப்பை மதிப்பிட ஐ.எஸ்.ஓ. 8502-4 என்ற வழிகாட்டித் தரமும் உண்டு.

இதன் வேர் ஐ.எஸ்.ஓ.வைவிடப் பழையது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் பனியைப் பற்றி ஓர் ஆய்வுநூல் வெளியிட்டார். பனி வானத்திலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் பொருள்கள் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பிறகே அவற்றின் மேல் நீர் படிகிறது என்று வெப்பமானிகளை வைத்துக் காட்டினார். மேகம் மூடிய இரவில் பனி குறைவு, மெருகேற்றிய உலோகத்தின் மேல் பனி குறைவு என்பதும் அவர் பதிவுகளில் உண்டு. குரோம் பட்டையில் துளி குறைவாகவும் பக்கத்திலிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் நிறையவும் நிற்பதற்கு அவருடைய விளக்கம் இன்றும் போதும். கூரைக்கு அடியில் வைத்த பாகம் தப்பிப்பதற்கும் இதுவே காரணம்: அது வானத்தைப் பார்ப்பதில்லை.

அளவையாளர்களின் பலம், குளிரையும் ஈரத்தையும் ஒரே எண்ணுக்குள் கொண்டுவந்தது. 24 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் பனிநிலை சுமார் 22.3, இடைவெளி இரண்டு டிகிரிகூட இல்லை. 30 டிகிரி, 60 சதவீதத்தில் பனிநிலை 21.4, இடைவெளி எட்டரைக்கு மேல். காற்றிலுள்ள நீராவி இரண்டு நாளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பெயிண்ட்டுக்கு அவை வேறு வேறு உலகங்கள்.

ஆயினும் இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. முதலாவதாக, அதன் இரு பாதிகளும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. பொருளும் காற்றும் ஒரே வெப்பத்தில் இருந்தால் 85 சதவீதத்தில் இடைவெளி சுமார் இரண்டரை டிகிரிதான். 3 டிகிரி வேண்டுமென்றால் ஈரப்பதம் ஏறக்குறைய 83க்குக் கீழே வந்தாக வேண்டும். இரண்டாவது, இன்னும் முக்கியமானது: தின்னர் இழுக்கும் வெப்பம் இந்தக் கணக்கில் இல்லை. 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் ஆறு கிலோ. அதை ஒரு டிகிரி குளிர்விக்க மூன்று கிலோஜூல் போதும். அதன்மேல் 50 கிராம் தின்னர் ஆவியானால் இருபது கிலோஜூல் அளவுக்கு இழுக்கும். சுற்றியுள்ள காற்று அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்றாலும், மூன்று டிகிரி காப்பு இடைவெளியை வேகமான தின்னர் மட்டுமே தின்றுவிட முடியும். கனத்த பாலத்தூணுக்கு எழுதிய விதி மெல்லிய தகட்டுக்குப் போதாமல் போகலாம் என்று சந்தேகிக்க இது நியாயமான காரணம். அந்தத் துறையின் முதல் கவலை துருவும் ஒட்டுதலும். நம் வாசலில் முதல் கவலை பளபளப்பு.

கம்ப்ரசர் வைத்திருப்போருக்கு இதே கணக்கு வேறு வடிவில் வரும். மேலே சொன்ன 24 டிகிரி, 90 சதவீதக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீராவி. எட்டு கன மீட்டர் காற்றை ஒன்றாக அழுத்திப் பழைய வெப்பத்துக்குக் குளிரவிட்டால் 130 கிராமுக்குமேல் தண்ணீராகத் தொட்டியின் அடியில் நிற்கும். வடிகுழாயைத் திறக்காத டேங்க்கும் ஈரப்பொறி இல்லாத குழாயும் இருக்கும்போது வானத்தைக் குறை சொல்வது வீண்.

பழி எங்கே விழுகிறது

ஈரத்தின் பெயரில் எழுதப்படும் கணக்கில் ஒரு பகுதி வேறு காரணங்களுடையது. கார் பம்பர்களில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் சார்ந்தவை. அதன் மேற்பரப்பு எதையும் ஒட்டவிடாது. குளோரினேற்றிய பாலியோலிஃபின் கலந்த ஒட்டூக்கி பிரைமர் இல்லாமல் அடித்தால் சித்திரை வெயிலில் அடித்ததும் உரிந்துதான் வரும். ஏ.பி.எஸ். பாகங்கள் எளிதில் ஒட்டும், ஆனால் காட்டமான தின்னர் அவற்றைக் கடித்துவிடும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ஆகியவற்றிலுள்ள சிலிக்கோன் விரல்வழி பரவி, பெயிண்ட் விலகிக் குழி குழியாக நிற்கவைக்கும். மழைநாளில் இவற்றில் எது நேர்ந்தாலும் பழி மழைக்கே போகிறது.

ஈரம் உண்மையிலேயே குற்றவாளியாக இருந்தும் தப்பிக்கும் இடமும் உண்டு, அது பட்டி. பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்த பட்டி, வெயில்நாளில் ஒரு பொழுதில் உலர்வது ஐப்பசியில் அப்படி உலராது. கைக்குக் காய்ந்ததாகத் தெரியும்; மேலே பிரைமரும் பெயிண்ட்டும் ஏறிய பிறகு, அடுத்த வெயிலில் உள்ளிருக்கும் நீர் கொப்புளமாக எழும். அப்போது பங்குனி வந்திருக்கும், கொப்புளத்துக்கு வெயிலைத் திட்டுவார்கள். இந்தப் பருவத்தில் தண்ணீரில்லாமல் உலர் உப்புத்தாளில் தேய்ப்பதே பாதுகாப்பு என்று தோன்றுகிறது. தூசிக்கு முகமூடி தேவைப்படும்.

இன்னும் தீராதவை

இவ்வளவு பதில்களையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுக்குறை தெரிகிறது. எல்லாருமே கன் கையிலிருக்கும் அரைமணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் இரவைப் பற்றிப் பேச்சு குறைவு. ஜேடர்பாளையம் போன்ற ஆற்றங்கரையில் கார்த்திகை மதியம் இரண்டு மணிக்கு எல்லா அளவுகளும் சாதகமாகவே இருக்கலாம். ஆனால் பொழுது சாய்ந்ததும் வெறும் வானத்துக்கு அடியில் இருக்கும் பம்பர் வேகமாகக் குளிரும். வெப்பம் இறங்குவதால் இறுகும் வினை மந்தமாகும், அதே நேரத்தில் மேற்பரப்பு பனிநிலையை நெருங்கும். காலை பத்து முதல் ஒரு மணிக்குள் அடித்து, மாலைக்கு முன் கூரைக்கு அடியில் கொண்டுபோவது என்ற எளிய வழக்கம், விலை உயர்ந்த ரிடார்டரைவிட அதிகம் காப்பாற்றும் என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது. இயற்பியல் அந்தப் பக்கம் சாய்கிறது. வீட்டு நிலைமையில் அளந்து உறுதிசெய்வது வேறு வேலை.

மெல்லிய பிளாஸ்டிக்குக்கு 3 டிகிரி போதுமா, ஐந்து வேண்டுமா என்பது திறந்தே இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மெல்லிய இரும்புத் தகட்டைவிட அதிக வெப்பத்தைத் தன்னுள் வைத்திருக்கும், ஆனால் அதை மேற்பரப்புக்கு மெதுவாகவே அனுப்பும். எது வெல்லும் என்பது எத்தனை கனமாக, எத்தனை இடைவெளி விட்டு அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெளிறிய பிறகு ரிடார்டரால் தெளிந்த என்.சி. பூச்சு, முதலிலேயே தெளிவாக வந்த பூச்சு அளவுக்குப் பல வருடம் தாங்குமா என்பதும் கண்ணுக்குத் தெரியாத கேள்வி. ஸ்பிரே டப்பாவிலேயே ஹார்ட்னர் அடைத்து வரும் பி.யு. வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, அதை வாசலில் அடிப்பவர் உள்ளிழுக்கும் அளவு, பூத் பெயிண்டரின் அளவோடு ஒப்பிட எவ்வளவு என்பது சுகாதாரத் துறையினர் பார்க்க வேண்டியது.

இவற்றில் சிலவற்றுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய பம்பர் ஒன்றைத் துண்டுகளாக வெட்டி, ஒரே டப்பாவில் அடித்து, பாதியைத் திறந்தவெளியிலும் பாதியைத் தகரக்கூரைக்கு அடியிலும் இரவு முழுக்க வைத்து, மணியும் அளவும் எழுதிக்கொண்டே வந்தால் ஒரு பருவத்தில் பயனுள்ள பதிவேடு கிடைக்கும். இத்தனை பாடி பட்டறைகள் உள்ள மாவட்டத்தில் ஐ.டி.ஐ. மாணவர்களிடம் கொடுக்கத் தகுந்த வேலை இது. ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிக்கலாம்.